வராத செவ்வாய்க்கிழமை

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவது வரை படித்தேன், அதுவும் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊரில். டில்லிக்கு வந்த பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டுதான். மறதியும் சேர்ந்துகொண்டது. காலையில் மாத்திரை போட்டேனா என்று டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அதனால் இதில் கிழமை மாறியிருக்கலாம், யார் முதலில் பேசினார்கள் என்பது மாறியிருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரிட்டயரான ஆஸ்பத்திரியில் புதிதாக ஆயா வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் தமிழ்ப் பெண்கள் ஏழு பேரும் இந்த வேலையைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. உங்களில் பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள், தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் நீங்கள் எல்லாரும் பன்னிரண்டாவது முடித்தவர்கள், இங்கிலீஷ் படிப்பீர்கள். அது எனக்குக் கடைசியில் வேண்டியிருக்கிறது.

ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் படுக்கை விரிப்பதும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. யாரும் சொல்லித்தராத ஒரு வேலை இருக்கிறது. ஒருநாள் ஏதாவது ஒரு டாக்டர் உங்களைக் கூப்பிட்டு, நோயாளி வெளியே போன பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆயா ஜீ, க்யா லக்தா ஹை?" என்று கேட்பார். உனக்கு என்ன தோன்றுகிறது என்று அர்த்தம். டாக்டர் நோயாளியைப் பார்ப்பது அஞ்சு நிமிஷம். நாம்தான் வராந்தாவில், லிஃப்டில், டீ வண்டி பக்கத்தில் பார்க்கிறோம். அறைக்குள் முனகுகிறவர்கள் வெளியே எப்படி நடக்கிறார்கள் என்பது நமக்குத்தான் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்களுக்குப் பெருமையாக இருக்கும். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

எனக்கு அந்தப் பெருமை எலும்பு வைத்தியப் பிரிவில் வந்தது. ஒருத்தர் ஊனச் சான்றிதழ் கேட்டு வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் "ஹே ராம்" சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அவர் செருப்பைப் பார்த்ததும் சந்தேகம். இரண்டு செருப்பும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. பின்னாலேயே போனேன். கேட்டுக்கு வெளியே பஸ் வந்ததும் தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். வந்து சொன்னேன், "அந்த ஆள் திருடன் சார்" என்று. டாக்டர் எல்லார் முன்னாலும் கை தட்டினார். அன்றிலிருந்து எனக்கு சி.ஐ.டி. ஆயா என்று பெயர்.

அப்போது அந்த வார்டில் ஒரு மலையாள சிஸ்டர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்டார், பெயர் வேண்டாம். என்னை லினன் அலமாரி பக்கம் கூப்பிட்டார்.

"அவன் பஸ்ஸுக்கு ஓடினதை நீ கண்டாயா?"

"கண்டேன் சிஸ்டர்."

"அதைச் சொல்லு. அவன் கள்ளன்னு கண்டாயோ?"

"ஓடினா திருடன்தானே?"

"அது நீ நினைச்சது. கண்டதைச் சொல்லு. நினைச்சதை டாக்டர் நினைச்சுக்கட்டும், அதுக்குத்தான் அவருக்கு சம்பளம் கூட."

பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்தேன். அதை மறந்தும் போனேன்.

பல வருஷம் கழித்து, ரிட்டயராக எட்டு மாதம் இருக்கும்போது என்னைக் களைப்பு ரூமில் போட்டார்கள். ரூமுக்கு வேறு பெரிய பெயர் கதவில் ஒட்டியிருந்தது. நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வருஷக்கணக்காகக் களைப்பு என்று சொல்கிறவர்களை வைத்து அங்கே ஆராய்ச்சி நடந்தது. ரத்தம் சரியாக இருக்கும், ஸ்கேன் சரியாக இருக்கும், ஆள் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை என்பார். ஒவ்வொரு செவ்வாயும் வர வேண்டும். வராந்தாவில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, இந்தக் கூம்பிலிருந்து அந்தக் கூம்புக்கு நடக்க வைப்பார்கள். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுவார்கள். நடந்து நடந்து பழகினால் களைப்பு போய்விடுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. டெக்னீஷியன் ஒருவர், பையா என்று கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம், கடிகாரம் பார்த்து எழுதுவார். நடக்கிறவர் விழுந்துவிடாமல் பிடிக்க நான் வீல் சேரோடு பின்னால் நடப்பேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த ரூமில் யார் மேலும் நம்பிக்கை இல்லை. களைப்பு யாருக்கு இல்லை? காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, இரண்டு பஸ் மாறி வந்து, நாள் முழுக்க நிற்கிறேன். என் களைப்பை யாராவது கடிகாரம் வைத்துப் பார்த்தார்களா?

அங்கே வந்த ஒரே தமிழ்க்காரி சுமதி. அது அவள் நிஜப் பெயர் இல்லை. நாற்பது வயது. மத்திய சர்க்கார் ஆபீசில் கிளார்க். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். கணவர் ராணுவத்தில், எல்லையில் இருந்தார். வீட்டில் அவளும் ஒன்பதாவது படிக்கும் மகளும்தான். மூன்று வருஷம் முன்னால் ஒரு காய்ச்சல் வந்ததாம், காய்ச்சல் போயிற்று, உடம்பு திரும்பி வரவில்லை என்பாள்.

அவள் வரும் விதமே எனக்குச் சந்தேகம். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, தலையில் மல்லிகை, கறுப்புக் கண்ணாடி. டெக்னீஷியன் பையா, "ஹீரோயின் ஆ கயீ", ஹீரோயின் வந்தாச்சு என்று, எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார். நானும் சிரிப்பேன். அவள் என்னிடம் தமிழில், "சௌக்கியமாக்கா?" என்று கேட்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு வீல் சேரைத் துடைப்பேன். பேச்சுக் கொடுத்தால் என்னையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்வாள் என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். நம்ம ஊர்ச் சாமான் கடைகள் இருக்கும் வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பை, பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்காரரிடம் சிரித்துப் பேசிக்கொண்டு காப்பிப் பொடி அரைக்கச் சொல்லியிருந்தாள். நான் சட்டென்று அடுத்த கடையில் தொங்கிய வாழைத்தாருக்குப் பின்னால் போய்விட்டேன். அரை கிலோ பொடி அரைத்துக் கட்டி முடிக்கும்வரை பார்த்தேன். ஒருதரம்கூட அவள் உட்காரவில்லை. ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை.

டாக்டர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஓய்வில்லாதவர். அங்கே பேசியதெல்லாம் இந்தி, நான் தமிழில் எழுதுகிறேன்.

"தமிழ் மேடம் ஏன் வரலை?"

"போன் எடுக்கலை சார்," என்றார் டெக்னீஷியன் பையா. "ரெண்டு தடவை அடிச்சேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆயா ஜீ, உங்களுக்கு என்ன தோணுது?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லை சார். ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுல பாத்தேன். நல்லா இருக்காங்க. நடந்து காட்ட வேண்டி வருமேன்னு இன்னிக்கு வரலை."

டாக்டர் எழுதினார். நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதாக இரண்டு வரி எழுதினார். ஐந்தாவது படித்தவள் சொன்னதற்கு இங்கிலீஷில் இரண்டு வரி. அன்று எனக்கு டீ கூட இனித்தது.

அடுத்த செவ்வாய் சுமதி வந்தாள். அதே இஸ்திரிப் புடவை, அதே பூ. டாக்டர் சிரித்த முகமாகத்தான் சொன்னார், "மேடம், நீங்க நினைக்கறதைவிட உங்களால அதிகம் முடியும். மார்க்கெட்டுல நல்லா நின்னுக்கிட்டு இருந்ததைப் பாத்தவங்க இருக்காங்க. இன்னிக்குக் கொஞ்சம் கூட்டுவோம்."

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். டாக்டரைப் பார்த்தாள், பையாவைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் குனிந்து வீல் சேர் பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை பாத்தவங்க செவ்வாய்க்கிழமை வந்து பாத்தாங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை நீங்க வரலையே மேடம்," என்றார் டாக்டர். பையா சிரித்தார்.

அவள் நடந்தாள். அதற்கு முன்னால் எப்போதும் நடந்ததைவிட மூன்று சுற்று கூட நடந்தாள். நன்றாகவே நடந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, "தேகா?" என்றார். பார்த்தீர்களா என்று.

கேட் வரைக்கும் வீல் சேரில் தள்ளிக்கொண்டு போனேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் அவள் தமிழில் பேசினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் நடந்ததை எழுதிக்கிட்டாங்கக்கா. நாளன்னிக்கு வந்து எழுதச் சொல்லுங்க."

"அது எப்படிம்மா, செவ்வாய்க்கிழமைதானே ஸ்டடி," என்றேன்.

"அதான். ஆபீஸ்ல இந்த டாக்டர்கிட்ட லெட்டர் கேட்டிருக்காங்க, மெடிக்கல் போர்டுக்கு. இந்த வாரம் எழுதப் போறாரு. ஃபிட்டுன்னு எழுதிட்டா லீவு கிடையாது, தினமும் போகணும். போக முடியலைன்னா வேலை போயிரும். வேலை போனா குவார்ட்டர்ஸும் போயிரும். பிள்ளைய எங்க கொண்டு வைப்பேன்?"

நல்லா நடந்துவிட்டு இப்போது அழுகைக் கதை சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் வீல் சேரில் கறுப்புக் கண்ணாடி கிடந்தது.

வியாழக்கிழமை எனக்கு ஆஃப். கண்ணாடியை எடுத்துக்கொண்டு மத்தியானம் கிட்வாய் நகர் போனேன். ஆராய்ச்சியில் இருக்கிறவர்கள் வீட்டுக்கு நாம் போகக் கூடாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். கண்ணாடி ஒரு சாக்கு. போன் பண்ணாமல் போய் நின்றால் அவள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டோ டி.வி. பார்த்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் போனேன்.

கதவில் காலிங் பெல் இருந்தது. அமுக்கினேன், சத்தம் வரவில்லை. பார்த்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டு நுனியில் டேப் சுற்றியிருந்தது. விரலால் தட்டினேன். மகள் திறந்தாள். ஸ்கூல் யூனிஃபார்ம், கையில் கரண்டி. அன்று பள்ளிக்கூட நாள்.

"டீரே ஆண்ட்டி, டீரே," என்றாள். மெதுவாக என்று. "மம்மிக்கு சத்தம் ஆகாது. நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரி. கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டாங்க. அம்மா தூங்குதா?"

"தூங்கலை. சும்மா லேட்டி ஹுயீ ஹை, படுத்தே இருக்கு. மூணு நாளா... நஹீ, ரெண்டு நாளா. இன்னிக்குத்தான் ரொம்ப."

"நீ ஸ்கூல் போகலையா?"

"போனேன். ஹாஃப் டே சொல்லி வந்தேன். மம்மி தண்ணி கிளாஸ் எடுக்க முடியாது, கீழ விட்டிச்சு நேத்து."

அவள் தமிழ் அப்படித்தான் இருந்தது. உள்ளே கூட்டிப் போனாள். ஜன்னலில் கம்பளியை மாட்டி இருட்டாக்கியிருந்தார்கள். சுமதி கட்டிலில் கிடந்தாள். இஸ்திரிப் புடவை இல்லை, பழைய நைட்டி. முடி சிக்குப் பிடித்திருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. மகள் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஸ்ட்ராவைப் போட்டு வாயருகே வைத்தாள். இரண்டு முறை உறிஞ்சிவிட்டு நிறுத்தி மூச்சு வாங்கினாள். சின்னக் குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி அந்தப் பெண் காத்திருந்தது.

அப்போதும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. என் புத்தி அப்படி. எனக்காக நடிக்கிறார்களோ? ஆனால் நான் வருவது எனக்கே அன்று காலையில்தான் தெரியும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். எவர்சில்வர் பாத்திரம் ஒன்றுகூட வெளியில் இல்லை, எல்லாம் பிளாஸ்டிக், சத்தம் வராமல் இருக்க. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கியது. எனக்குத் தெரிந்த பை. உள்ளே முருங்கைக்காய். பதினோரு நாள் ஆன முருங்கைக்காய், சுள்ளி மாதிரி கறுத்து வளைந்து கிடந்தது. அடியில் காப்பிப் பொடி, கடைக்காரர் போட்ட கட்டு அவிழ்க்காமல் அப்படியே.

நடிக்கிறவள் கம்பளி மாட்டுவாள், ஸ்ட்ராவில் குடிப்பாள். முருங்கைக்காயை யாருக்காகக் காய விடுவாள்?

"அதை எப்படி செய்யறதுன்னு எனக்குத் தெரியாது ஆண்ட்டி," என்று மகள் பின்னால் வந்து நின்றாள். "மம்மி என் பர்த்டேக்கு சாம்பார் செய்யறேன்னு சொல்லி, நாலு நாள் படுத்து, அப்புறம் போய் வாங்கிச்சு. அப்புறம் செய்யலை."

திரும்ப அறைக்குப் போனேன். சுமதி கண்ணைத் திறந்திருந்தாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் இடம் விட்டுப் பேசினாள்.

"வாழைத்தாருக்குப் பின்னால... நின்னது நீங்கதானக்கா?"

கண்ணாடியை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தேன். "பாத்துட்டியா?"

"முந்தானை வெளிய தெரிஞ்சுது. பச்சை." சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "கூப்பிட்டிருப்பேன். சத்தம் போட்டா... வீடு வந்து சேர முடியாது."

"ஏம்மா அங்க ரூம்ல என்னைக் காட்டிக் குடுக்கலை?"

"நீங்களே சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

நான் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்காராமல் நின்றாய், ஸ்டூல் இருந்ததே என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் விசாரணைதான். "உக்காந்தா எந்திரிக்க முடியாதுக்கா," என்றாள். பூவும் புடவையும் எதற்கு என்று கேட்டேன்.

"மொதல்ல ஒரு டாக்டர்கிட்ட இப்படியே போனேன், நைட்டிக்கு மேல துப்பட்டா போட்டுக்கிட்டு. மனசுக்கு டாக்டரைப் பாருங்கன்னுட்டாரு. அடுத்தவர்கிட்ட நல்லா உடுத்திட்டுப் போனேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையேன்னுட்டாரு. எப்படிப் போகணும்னு நீங்க சொல்லுங்கக்கா."

உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

"அப்புறம் ஏன் அந்த ஸ்டடிக்கு வர்றே?"

"யாராவது கண்டுபிடிப்பாங்கன்னுதான். ஆனா அவங்க நான் நடக்கறதைத்தான் பாக்காங்க. இதைப் பாக்கறதில்லை." கண்ணை மூடிக்கொண்டாள். மகள் என் தோளைத் தொட்டாள். போதும் என்று அர்த்தம்.

டாக்டர் கடிதம் எழுதுவது வெள்ளிக்கிழமை. நான் காலையில் ரூம் வாசலில் நின்றேன். வீட்டுக்குப் போனதை ஒத்துக்கொண்டால் எனக்கு மெமோ வரும். இன்னும் சில மாதம் பொறுத்தால் மரியாதையாக ரிட்டயராகலாம். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, சுமதிகூடச் சொல்ல மாட்டாள். ஒருதரம் லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பினேன். உள்ளே டாக்டர், பையா, கூட நாலு மாணவர்கள். அத்தனை பேர் முன்னால் நான் அதுவரை பேசியதே இல்லை.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"ஜல்தி சொல்லுங்க."

"தமிழ் மேடத்தைப் பத்தி நான் சொன்னது தப்பு."

"எது தப்பு? மார்க்கெட்டுல பாக்கலையா?"

"பாத்தேன் சார்."

"நின்னாங்களா இல்லையா?"

"நின்னாங்க."

"அப்ப என்ன தப்பு?"

அங்கே மாட்டிக்கொண்டேன். மாணவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். "பாவம் சார் அவங்க, நிஜமாவே சீக்கு" என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் டாக்டர் ஒரு சிரிப்புச் சிரித்து அனுப்பியிருப்பார். லினன் அலமாரி பக்கத்தில் சிஸ்டர் சொன்னது அத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நின்னதைப் பாத்தேன் சார். நல்லா இருக்காங்கன்னு சொன்னேனே, அதை நான் பாக்கலை. நடக்கப் பயந்து வரலைன்னு சொன்னேனே, அதையும் பாக்கலை. நேத்து அவங்க வீட்டுக்குப் போனேன். பாத்தது இது." பெல் ஒயர், கம்பளி, ஸ்ட்ரா, கீழே விட்ட கிளாஸ், முருங்கைக்காய், அவிழ்க்காத பொடிக்கட்டு. வரிசையாகச் சொன்னேன். பாவம் என்ற வார்த்தையை வரவிடவில்லை.

"முருங்கைக்காய் ரிப்போர்ட்டா ஆயா ஜீ?" என்றார் பையா. மாணவர்கள் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

"கண்ணாடியைக் குடுக்க."

"அதுக்கு மட்டும்தானா?"

"இல்லை சார். பொய்யைப் பிடிக்க."

அவர் பேனாவை எடுத்தார். "நடந்து எத்தனாவது நாள் பாத்தீங்க?"

"நடந்த அன்னியோட சேத்து மூணாம் நாள் சார். மார்க்கெட் போன ஞாயித்துக்கிழமையோட சேத்து எண்ணினா, அவங்க வராம இருந்த செவ்வாயும் மூணாம் நாள்தான்."

ஃபாரத்தை முன்னும் பின்னும் திருப்பினார். நடந்த நாளுக்குக் கட்டம் இருந்தது. மூன்றாம் நாளுக்கு அதில் இடமே இல்லை. கடைசியில் ஓரத்தில் ஏதோ எழுதினார். அரை வரிதான். "சரி, எழுதிட்டேன். இனிமே உங்க வேலையை மட்டும் பாருங்க," என்றார்.

ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதற்கு இரண்டு வரி. வீட்டில் பார்த்ததையெல்லாம் சொன்னதற்கு அரை வரி. நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றேன், எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. பையாவிடம் பிறகு என்ன எழுதினார் என்று கேட்டேன். "லிக் தியா நா, அம்மா, ஜாயியே," என்றார். எழுதியாச்சு, போங்கள் என்று. அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை.

அந்த வாரம் ஃபிட் என்று கடிதம் போகவில்லை. இன்னும் கவனிக்க வேண்டும் என்று போனதாகச் சுமதி சொன்னாள். போர்டு தள்ளிப்போயிற்று. நான் சொன்னதாலா, டாக்டருக்கு நேரமில்லாததாலா, தெரியாது. எனக்கு மெமோ வரவில்லை. திங்கட்கிழமை என்னை லினன் ரூமுக்கு மாற்றினார்கள். முன்னாடியே போட்ட மாற்றல் என்றார்கள். இருக்கலாம்.

சுமதி அந்த ஸ்டடிக்கு மறுபடி வரவில்லை. சில மாதம் கழித்து பையாவை லிஃப்டில் பார்த்தேன். ரிசல்ட் நன்றாக வந்திருக்கிறது, கடைசிவரை வந்தவர்கள் நிறையப் பேர் தேறியிருக்கிறார்கள் என்றார். "வராதவங்க?" என்று கேட்டேன். "அவங்கதான் வரலையே, எப்படி எண்ணறது?" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

இதைப் படித்துவிட்டு நோயாளி சொல்வதையெல்லாம் நம்புங்கள் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். பஸ்ஸுக்கு ஓடியவர் ஓடத்தான் செய்தார். சந்தேகப்படுங்கள், நம் வேலைக்கு அது வேண்டும். ஆனால் எல்லார் மேலும் படுங்கள். ஃபாரத்தின் மேல் படுங்கள், டாக்டர் மேல் படுங்கள், உங்கள் மேலேயும் படுங்கள். ஒரு நோயாளி வரவில்லை என்றால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் என்ன செய்தார், செய்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். நான் வாழைத்தாருக்குப் பின்னால் நின்று பார்த்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது. அதற்கு முன்னால் அவள் படுத்த நாலு நாளும் பின்னால் படுத்த நாட்களும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. தள்ளிப்போன போர்டு அடுத்த மாதம் உட்காருகிறது. களைப்பு ரூம் ஃபைலிலிருந்து காகிதங்கள் அதற்குப் போகும். சுமதி நகல் கேட்டு மகளை அனுப்பினாள். ஆராய்ச்சி ஃபைலை நோயாளிக்குத் தர மாட்டோம் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு வரி கட்டாயம் இருக்கும். அரை வரி என்ன என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் இதில் எழுதியது சரிதானா என்று உங்களில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்களாக ஃபைலை எடுக்காதீர்கள், வம்பு. இப்போது அங்கே இருக்கும் சிஸ்டரிடம் கேட்டு, அவரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நோயாளியின் பெயரை இதில் எழுதவில்லை, கேட்கப் போகிறவரிடம் வாயால் சொல்கிறேன். நீல ஃபைல். கிழமைகள் சரியா, மூன்று சுற்று கூட நடந்தாள் என்றேனே அது சரியா என்று பார்க்கட்டும். நான் மறந்து மாற்றியிருந்தால் அடித்துத் திருத்துங்கள். அதைவிட முக்கியம், ஓரத்தில் இருக்கும் அந்த அரை வரி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எண் தெரியும். தலைகீழாகப் பார்த்தபோது அதில் ஒரு 3 இருந்த மாதிரி தோன்றியது. மூன்றாம் நாளுக்கான 3 ஆக இருக்கலாம், வெறும் பேனாச் சுழியாகவும் இருக்கலாம். அது இருக்கிறதா?

இருந்தால் எனக்கு ஒரு மிஸ்டு கால் போதும். இல்லாவிட்டால் நேரில் வந்து சொல்லுங்கள். நானும் கிளம்பி வருகிறேன், டாக்டர் ரூமில் எத்தனை பேர் இருந்தாலும் சரி. பச்சை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வருகிறேன்.